வெர்ஷன் எண் ஒரே இடத்தில் இருக்கட்டும்

என் லேப்டாப்பில் ஜாவாஸ்க்ரிப்டை ஓட்டும் நோட் (Node.js), வெர்ஷன் 20. டெஸ்டைத் தானாக ஓட்டும் சிஐ-யிலும் 20. சர்வரில் ஏற்றும் பொதியான டாக்கர் இமேஜில் மட்டும் எப்போதோ எழுதிவைத்த 18 அப்படியே கிடந்தது. ஒரு பட்டியலை வரிசைப்படுத்த 'டூசார்ட்டட்' போட்டிருந்தேன். டெஸ்ட் எல்லாம் பச்சை. சர்வரில் ஏற்றியதும் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று சொல்லி விழுந்தது. அது நோட் 20-இல்தான் வந்தது, 18-க்குத் தெரியாது. அரை நாள் முழுக்க என் கோடிலேயே தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதிருந்து எந்த ப்ராஜெக்ட்டைத் தொட்டாலும் முதல் வேலை இதுதான். மேல் ஃபோல்டரில், நோட் வெர்ஷனை மாற்றித்தரும் என்விஎம் என்ற கருவி படிக்கும் '.என்விஎம்ஆர்சி' என்று ஒரு ஃபைல், அதற்குள் ஒரே வரி: 22.12.0. வெறும் 22 போதாதா என்று கேட்பார்கள். போதாது. 'இம்போர்ட்' முறையில் எழுதிய இஎஸ் மாட்யூலை, பழைய முறையான 'ரிக்வயர்' கொண்டு எடுப்பது 22.12-இல் தானாகவே ஓடும், 22.11-இல் அதற்கென்று தனி ஃபிளாக் கொடுக்க வேண்டும். அப்புறம், எண்ணுக்கு முன்னால் 'வி' போடாதீர்கள். என்விஎம் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் டாக்கர் இமேஜின் பெயரோடு வரும் வெர்ஷன் குறியான டேகில் 'வி' கிடையாது.

இனி மற்ற எல்லாம் இந்த ஃபைலைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கிட்ஹப்பின் சிஐ-யான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் 'செட்டப்-நோட்' இருக்கிறதல்லவா, அதில் எண்ணை எழுதாமல் 'நோட்-வெர்ஷன்-ஃபைல்' என்ற இடத்தில் இந்த ஃபைலின் பெயரைக் கொடுங்கள். இமேஜை உருவாக்கும் கட்டளைகள் உள்ள டாக்கர்ஃபைலில், அடிப்படை இமேஜைச் சொல்லும் 'ஃப்ரம்' வரிக்கு மேலே ஒரு 'ஆர்க்' (வெளியிலிருந்து மதிப்பு வாங்கும் மாறி) வைத்து, பில்ட் செய்யும்போது ஃபைலில் உள்ள எண்ணை அனுப்புங்கள். அதற்கு டீஃபால்ட் மதிப்பு கொடுக்காதீர்கள்: அனுப்ப மறந்தால் பில்ட் அங்கேயே நின்றுவிடுவதுதான் நல்லது.

ப்ராஜெக்ட் விவரங்கள் இருக்கும் பேக்கேஜ் ஜேசனில், எந்த நோட் வேண்டும் என்று 'என்ஜின்ஸ்' எழுதிவிட்டால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் என்பிஎம் அதைப் பார்த்து ஒரு எச்சரிக்கை காட்டும், அவ்வளவுதான். இன்ஸ்டால் நடந்து முடிந்துவிடும். அதன் செட்டிங் ஃபைலான '.என்பிஎம்ஆர்சி'-யில் 'என்ஜின்-ஸ்ட்ரிக்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால்தான் நிறுத்தும். எண்ணை இரண்டாவது இடத்தில் எழுதுகிறோமே என்றால், சரிதான். அதனால் அங்கே 22.12 அல்லது அதற்கு மேல், 23-க்குக் கீழ் என்று வரம்பு மட்டும் போடுகிறேன்.

வெர்ஷனை மாற்றியபின் இன்ஸ்டால் ஆன பேக்கேஜ்கள் இருக்கும் 'நோட்_மாட்யூல்ஸ்' ஃபோல்டரை அழித்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டால் செய்ய 'என்பிஎம் சிஐ' ஓட்டுங்கள். 'பெட்டர்-எஸ்க்யூலைட்3' போன்ற பேக்கேஜ்களுக்குள் அந்தந்த நோட்டுக்கென கம்பைல் ஆன பைனரி இருக்கும். பழைய ஃபோல்டரையே வைத்து ஓட்டினால் 'நோட்_மாட்யூல்_வெர்ஷன்' 108, 115 என்று இரண்டு எண்களோடு பிழை வரும். பயப்பட வேண்டாம், விஷயம் அதிலேயே இருக்கிறது: 108 என்றால் நோட் 18, 115 என்றால் 20.

கடைசியாக, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான். என்விஎம் என்பது ஷெல்லுக்குள் ஏறும் ஒரு ஃபங்ஷன். கிரான் அதை ஏற்றாது, சிஸ்டத்தில் கிடக்கும் பழைய நோட்டை எடுத்துக்கொள்ளும். ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதி, அதில் முதலில் என்விஎம்-ஐ ஏற்றி, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய், 'என்விஎம் யூஸ்' சொன்ன பிறகு வேலையைத் தொடங்குங்கள்.