சைனஸ் ஆபரேஷன் முடிந்த இரவு, கூட இருப்பவர் பார்க்க வேண்டியவை

எண்டோஸ்கோப் (மூக்கு வழியே விடும் மெல்லிய கேமராக் குழாய்) மூலம் செய்யும் சைனஸ் ஆபரேஷனில் பெரிய சிக்கல் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். வந்தால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் கண் அல்லது மூளை. மூக்கை ஒட்டியுள்ள காற்றறையான சைனஸையும் கண்குழியையும் பிரிப்பது காகிதம்போல் மெல்லிய எலும்புதான்.

முதலில் கண். படுக்கும் முன்பும், இரவில் விழிக்கும்போதெல்லாமும் சோதியுங்கள். ஒரு கண்ணை மூடச் சொல்லி, மற்றக் கண்ணால் உங்கள் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். பிறகு சிவப்புத் துணி ஒன்றை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்க்கட்டும். ஒரு கண்ணுக்கு மட்டும் சிவப்பு வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு அழுத்தப்படுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இரட்டையாகத் தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணை அசைக்கும் தசை அடிபட்டிருக்கலாம்.

மூக்கில் ரத்தம் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். அறுபட்ட தமனி (ரத்தக்குழாய்) கண்குழிக்குள் சுருங்கிக்கொண்டால் ரத்தம் உள்ளேயே தேங்கும். கண் வலித்து, முன்னே பிதுங்கி, இமை கறுத்து வீங்கும். ரத்த ஓட்டம் நின்றால் விழித்திரை சுமார் 90 நிமிடம்தான் தாங்கும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி ஸ்கேன் இரண்டையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அங்கே மூக்கில் வைத்த பஞ்சை எடுப்பார்கள், கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தை ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் கண்ணின் வெளி ஓரத்தை வெட்டி அழுத்தத்தைக் குறைப்பார்கள்.

மூக்கைச் சிந்தவே கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். சிந்தினால் காற்று இமைக்குள் புகுந்து, தொட்டால் நறநறக்கும்.

அடுத்தது மூளைநீர்க் கசிவு, அதாவது மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியே வடிவது. குனிந்தால் ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் தெளிந்த நீர் சொட்டும், தொண்டையில் உப்புக் கரிக்கும். மூக்கு கழுவிய உப்புநீரும் இப்படித்தான் சொட்டும் என்பதால், காலையில் கழுவும் முன் பாருங்கள். கைக்குட்டையில் வளையம் விழுகிறதா என்று பார்ப்பது நம்பகமான சோதனை அல்ல. சுத்தமான டப்பாவில் பிடித்து டாக்டரிடம் கொடுங்கள். அது மூளைநீர்தானா என்பதை, அதில் உள்ள ஒரு புரதத்தைத் தேடும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனை சொல்லிவிடும். அதுவரை தலையை உயர்த்திப் படுக்கட்டும், மலம் கழிக்க முக்க வேண்டாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கடும் தலைவலி, வாந்தி, குழப்பம் வந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

முதல் சில நாட்கள் இளஞ்சிவப்பு நீர் வடிவது இயல்பு. புது ரத்தம் கொட்டினால் உட்கார்ந்து முன்னே குனிந்து, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் துப்ப வேண்டும். 15 நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர் அதை நிறுத்துவதும் தொடங்குவதும் டாக்டரைக் கேட்டுத்தான்.