திரைப்பட விருதுச் செய்தியைப் படிப்பது எப்படி?

விருதுப் பட்டியல் வெளியானதும் ‘தமிழ்த் திரையுலகுக்குப் பெருமை’ என்று தலைப்பிடுவது நம் ஊடகங்களின் வழக்கம். அந்தப் பெருமையை அளக்க விரும்புவோர் முதலில் விருதின் முழுப் பெயரைப் படிக்க வேண்டும். 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 68ஆவது தேசிய விருதுகளில் ‘சிறந்த திரைப்படம்’ என்ற விருதைச் ‘சூரரைப் போற்று’ பெற்றது. ‘சிறந்த தமிழ்த் திரைப்படம்’ என்ற விருது ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ படத்துக்குச் சென்றது. முன்னது எல்லா மொழிப் படங்களோடும் போட்டியிட்டுப் பெறும் தங்கத் தாமரை. பின்னது மொழிவாரியாகத் தரப்படும் வெள்ளித் தாமரை. சுவரொட்டியில் இரண்டையும் ‘தேசிய விருது பெற்ற படம்’ என்றே போட்டுக்கொள்ளலாம், அதில் பொய்யும் இல்லை.

ஆண்டையும் கவனியுங்கள்: அவை 2020இல் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படங்களுக்கான விருதுகள். விண்ணப்பித்த படங்களே நடுவர்களின் பார்வைக்கு வரும் என்பதால், பட்டியலில் இல்லாத படம் நிராகரிக்கப்பட்டதாக முடிவுகட்டிவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாக்களிப்பவர் யார் என்ற கேள்வி. ஆஸ்கர் வழங்கும் அகாதெமி, ஹாலிவுட் படநிறுவனமான எம்ஜிஎம்மின் தலைவர் லூயி பி. மேயர் முன்னெடுப்பில் 1927இல் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் திரைத்துறையினரே. ஆகவே ஆஸ்கரை, ஹாலிவுட் தன்னை உலகுக்கு எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறது என்பதன் அறிவிப்பாகவே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புப் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட இருபது பேரும் வெள்ளையராக இருந்தபோது, கண்டனம் தனிப்பட்ட படங்களின் மீது விழாமல் ஹாலிவுட் முழுவதன் மீதும் விழுந்தது அதனால்தான். பெண் உறுப்பினர்களையும் சிறுபான்மை இன உறுப்பினர்களையும் 2020க்குள் இரட்டிப்பாக்குவதாக 2016 ஜனவரியில் அகாதெமி அறிவிக்க நேர்ந்தது. அமெரிக்காவின் இன்னொரு திரைவிருதான கோல்டன் குளோபின் கதை இன்னும் கசப்பானது. அதற்கு வாக்களித்த சுமார் 87 வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை என்பதை 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பில், 2022ஆம் ஆண்டு விழாவை ஒளிபரப்ப அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி மறுத்துவிட்டது.

இறுதியாக, படம் எந்த வழியில் போட்டிக்குள் சென்றது என்று பாருங்கள். 2023இல் ‘ஆர்ஆர்ஆர்’ படத்தின் ‘நாட்டு நாட்டு’ பாடல் ஆஸ்கர் வென்றபோது, இந்தியா அனுப்பிய படம் வென்றதாகப் பலர் கொண்டாடினர். சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்கு நாட்டின் சார்பில் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அனுப்பியதோ ‘செல்லோ ஷோ’ என்ற குஜராத்திப் படம். ‘ஆர்ஆர்ஆர்’ பொதுப் பிரிவுகளில் தனியாக நுழைந்து, அமெரிக்காவில் தனக்கான விளம்பரத்தைத் தானே செய்துகொண்டது.