விசுவாசத்தோடு வாரத்தைத் திட்டமிடுவது எப்படி? கொழும்பில் வேலை செய்வோருக்கான செய்முறை

காலையில் பஸ், பகல் முழுவதும் கந்தோர், மாலையில் பிள்ளைகளின் ரியூஷன், இரவில் சமையல். இதற்கிடையில் ஜெபம், ஆராதனை, சபை வேலை. கொழும்பில் பெரும்பாலான கிறிஸ்தவ வீடுகளின் வாரம் இப்படித்தான் ஓடுகிறது. கடவுளுக்கு மிஞ்சியதைத்தான் கொடுக்கிறோமோ என்ற குற்ற உணர்வோடு பலர் படுக்கைக்குப் போகிறார்கள். நேரத்தை ஒழுங்குபடுத்த ஒரு பெரிய தீர்மானம் தேவையில்லை. எது உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, எது இல்லை என்பதைக் கொப்பியில் எழுதிப் பார்த்தால் போதும், பாதி சிக்கல் அவிழ்ந்துவிடும்.

தேவையானவை: ஒரு சி.ஆர். கொப்பி, பேனை, போயா நாட்கள் குறித்த சுவர்க் கலண்டர், உங்கள் சபையின் அல்லது பங்கின் வருட நிகழ்ச்சிப் பட்டியல். முதல் மாதம் போன் செயலி எதுவும் வேண்டாம். போனைத் திறந்தால் வாட்ஸ்அப் கூப்பிடும், திட்டம் பின்னால் போய்விடும்.

படி 1: ஒரு வாரம் கணக்கெழுதுங்கள்

எதையும் மாற்றாமல், உள்ளபடியே ஏழு நாட்களை அரைமணி நேரக் கட்டங்களாக எழுதுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீடு வந்ததும், தூங்குமுன் என்று நாளைக்கு மூன்று தடவை எழுத வேண்டும். இரவில் ஒரேயடியாக எழுத உட்கார்ந்தால் ஞாபகம் ஏமாற்றும். குறிப்பாகப் போன் பார்த்த நேரம் கணக்கிலிருந்து காணாமல் போகும். அதற்கு ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் உள்ள ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பக்கத்தில் தினமும் காட்டும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: 168 மணித்தியாலங்களைக் கழித்துப் பாருங்கள்

உதாரணத்துக்கு, வத்தளையில் குடியிருந்து, புறக்கோட்டையில் பஸ் மாறி, கொள்ளுப்பிட்டியில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒருவர். சனி அரைநாளும் வேலை.

தூக்கம் 7 மணித்தியாலம் வீதம் 49. வேலை 45, மதிய இடைவேளை 5, ஆக 50. பயணம் நாளைக்கு இரண்டரை வீதம் ஆறு நாளைக்கு 15. குளிப்பு, சாப்பாடு, சமையல், துணி துவைப்பு என்று 17½. ஞாயிறு ஆராதனை போய்வர 3½. கூட்டினால் 135. மிச்சம் 33.

இந்த 33இல் 16க்கு மேல் திட்டமிடாதீர்கள். மழை பெய்தால் காலி வீதி நின்றுவிடும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஒரு மரணவீட்டுக்குப் போக வேண்டிவரும். இவற்றுக்கு இடம் வைக்காத திட்டம் இரண்டாம் வாரமே உடையும். அதைவிட முக்கியமானது, நல்ல சமாரியன் வழியில் நின்றதுபோல நிற்க நமக்கும் நேரம் மீதியிருக்க வேண்டும்.

படி 3: ‘யாருக்காக’ என்று எழுதுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். நோக்கம் என்றவுடன் பலர் ‘கர்த்தருக்காகப் பெரிய காரியங்களைச் செய்வேன்’ என்று எழுதுகிறார்கள். மனதார எழுதியதுதான், ஆனால் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு என்ன செய்வது என்று அது சொல்லாது. எனவே உங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்களின் பெயரை முதலில் எழுதுங்கள்: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர், வேலைத்தலத்தில் உங்கள் கீழ் உள்ளவர்கள், சபையில் நீங்கள் ஏற்றுக்கொண்ட குழு. ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இந்த மூன்று மாதத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காரியம்.

‘அம்மாவை நன்றாகக் கவனிப்பேன்’ என்பது ஆசை. ‘அம்மாவின் மாதக் கிளினிக் நாளில் அரைநாள் லீவு போட்டுக் கூடப் போவேன்’ என்பது திட்டம். ‘மகனை விசுவாசத்தில் வளர்ப்பேன்’ என்பதை ‘புதன் இரவு அவனோடு மாற்கு நற்செய்தியில் ஒரு அதிகாரம் வாசிப்பேன்’ என்று மாற்றுங்கள்.

இந்தப் பட்டியலில் உங்கள் தொழிலும் கட்டாயம் இருக்க வேண்டும். சபை வேலை மட்டும்தான் ஊழியம், கந்தோர் வேலை வயிற்றுப்பாடு என்று பிரித்துப் பார்ப்பது வேதம் சொல்லும் முறை அல்ல. கொலோசெயர் 3:23இல் எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே செய்யும்படி பவுல் எழுதியது, எஜமான்களுக்குக் கீழே வேலைசெய்த அடிமைகளுக்கு. தங்கள் நேரத்தில் ஒரு மணியைக்கூடத் தாங்களே தீர்மானிக்க முடியாதவர்கள் அவர்கள். ஆகவே தவறில்லாமல் மாதக் கணக்கை முடிப்பதும், புதிதாகச் சேர்ந்தவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதும் உங்கள் பட்டியலுக்கு உரியவை.

படி 4: ஓய்வையும் ஆராதனையையும் முதலில் குறியுங்கள்

வாரப் பக்கத்தில் பேனையால் முதலில் எழுத வேண்டியது வேலையல்ல, ஓய்வு. 24 மணித்தியாலம், ஆனால் நள்ளிரவில் தொடங்க வேண்டும் என்றில்லை. சனி மாலை 6 முதல் ஞாயிறு மாலை 6 வரை வைத்துக்கொண்டால், ஞாயிறு இரவில் துணி அயன் பண்ணவும் திங்களுக்குக் காய்கறி வெட்டவும் நேரம் இருக்கும்.

ஆஸ்பத்திரி, ஹோட்டல், பாதுகாப்பு வேலை என்று ஷிப்டில் இருப்பவர்களுக்கு ஞாயிறு கிடைக்காமல் போகலாம். இலங்கையில் 1966 முதல் 1971 வரை வார விடுமுறை போயா நாளுக்கு மாற்றப்பட்டு ஞாயிறே வேலைநாளாக இருந்தது. அப்போதும் கிறிஸ்தவர்கள் வேலை நேரத்துக்கு வெளியே ஆராதனைக்கு வழி தேட வேண்டியிருந்தது. கத்தோலிக்கர்கள் சனி மாலைத் திருப்பலியில் பங்குகொண்டாலே ஞாயிறு கடமை நிறைவேறும். மற்றச் சபையார் மாலை ஆராதனை இருக்கிறதா என்று விசாரித்து, ஓய்வுக்கு வாரத்தில் வேறொரு நாளைக் குறியுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ஞாயிற்றுக்கிழமையைச் சபை வேலையாலேயே நிரப்பிவிடுவது. காலை ஆராதனை, ஞாயிறு பாடசாலை, கமிட்டிக் கூட்டம், வீடு சந்திப்பு எல்லாம் முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புபவர் ஓய்ந்தவர் அல்ல. அவர் சனி பிற்பகலை ஓய்வாக எடுத்தே ஆக வேண்டும். பிள்ளைகளின் ஞாயிறு காலை ரியூஷனையும் வகுப்பில் சேர்க்கும்போதே பேசுங்கள். அதே பாடத்துக்கு வேறு நாளில் வகுப்பு இருக்கிறதா என்று ஜனவரியில் கேட்பது எளிது, பரீட்சை நெருங்கிய பிறகு யாரும் இடம் மாற மாட்டார்கள்.

படி 5: தினசரி 15 நிமிடம்

3 நிமிடம் அமைதி, 7 நிமிடம் ஒரு அதிகாரம், 5 நிமிடம் ஜெபம். இவ்வளவுதான். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள் இருக்கின்றன. வாரம் ஐந்து வீதம் 52 வாரத்தில் முடிந்துவிடும், சனி ஞாயிறு விடுபட்டதைப் பிடிக்க இருக்கும். மாற்கிலிருந்து தொடங்குவது நல்லது: 16 அதிகாரம், மூன்று வாரத்தில் கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

ஏற்கனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு இதைக் கட்டுங்கள். தேத்தண்ணி ஊற்றியவுடன், அல்லது வீட்டார் எழும்புமுன். நெரிசல் பஸ்ஸில் நின்றபடி வாசிக்க முடியாது, ஆனால் காதில் மாட்டி ஒரு அதிகாரம் கேட்கலாம். நாலரை மணிக்கு அலாரம் வைத்து, இரவு பதினொன்றரைக்குப் படுப்பவர்களின் தீர்மானம் பத்து நாள் தாங்காது. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35ஐக் காட்டுவோம், அதே இயேசு படகில் தூங்கியதை மறந்துவிடுவோம். எழும்பும் நேரத்தை மாற்றுமுன் படுக்கும் நேரத்தை மாற்றுங்கள். ஒரு நாள் விடுபட்டால் மறுநாள் இரண்டு அதிகாரம் வேண்டாம், கடன்போல ஏறும்.

படி 6: வேலைநாள்

கந்தோர் போய் உட்கார்ந்ததும் அன்றைய மூன்று முக்கிய வேலைகளை எழுதி, கடினமானதை முதல் 90 நிமிடத்தில் தொடுங்கள். ஓவர்டைம் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் வரை என்பதைச் சம்பளத் தேவையோடு வீட்டில் கலந்து முடிவெடுங்கள். மேலதிகாரி கேட்கும் நேரத்தில் முடிவெடுக்கப் போனால் எப்போதும் ‘சரி’ என்றுதான் வரும்.

படி 7: ஊழியத்துக்கும் அளவு

நிரந்தரப் பொறுப்பு ஒன்று, எப்போதாவது உதவுவது ஒன்று. ஏற்குமுன் உண்மையான நேரத்தைக் கூட்டுங்கள். பாடகர் குழு என்றால் ஒத்திகை 2 மணித்தியாலம், போய்வர 1, ஞாயிறு முன்கூட்டி வருவது அரை. டிசம்பரில் கரோல் வந்தால் இது இரட்டிக்கும்.

மறுப்பது பாவம் என்ற எண்ணம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. யாத்திராகமம் 18இல் காலை முதல் மாலை வரை தனியே நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று மாமன் எத்திரோ சொன்னார். நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று பொறுப்பைப் பகிர வைத்தார். போதகரிடம் இப்படிச் சொல்லலாம்: “பாஸ்டர், இப்ப ஞாயிறு பாடசாலையை எடுத்திருக்கிறன். ஈஸ்டர் முடியும்வரை இன்னொன்றைச் சரியாச் செய்ய ஏலாது. அதுக்குப் பிறகு கேளுங்கோ.” காரணமும் தேதியும் இருந்தால் யாருக்கும் மனக்கஷ்டம் வராது.

படி 8: வருடத்தை ஒருமுறை பாருங்கள்

2027இல் சாம்பல் புதன் பெப்ரவரி 10, பெரிய வெள்ளி மார்ச் 26, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 28. சாம்பல் புதனும் பெரிய வியாழனும் விடுமுறை அல்ல. பெரிய வெள்ளி அரச, வங்கி விடுமுறையாக இருந்தாலும் எல்லாத் தனியார் நிறுவனங்களும் மூடுவதில்லை. உங்கள் கந்தோர் எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறது என்று ஜனவரியிலேயே கேட்டு லீவு எழுதுங்கள். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்களும் அப்படியே. ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா. கொட்டாஞ்சேனைப் பக்கம் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு போயா விடுமுறையின் காலை நேரத்தைப் படி 3இன் ஐந்து வரியைத் திருத்த ஒதுக்குங்கள்.

படி 9: சனி மாலை 20 நிமிடம்

கொப்பியைத் திறந்து மூன்று கேள்வி: இந்த வாரம் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்? எந்த வரி நடக்கவில்லை, ஏன்? வரும் வாரம் யாருக்கு நேரம் கொடுக்க வேண்டும்? பிறகு அடுத்த வாரத்தைப் பென்சிலால் எழுதுங்கள். ‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்று யாக்கோபு எழுதியதை மனதில் வைத்து எழுதினால், அழித்து எழுத நேரும்போது வருத்தம் இராது. ஒரு வரி தொடர்ந்து மூன்று வாரம் நடக்கவில்லையென்றால் அதன் அளவைப் பாதியாக்குங்கள். அடுத்த இரண்டு வாரமும் நடக்கவில்லையென்றால் நாளை மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அந்த வரி இப்போதைக்கு உங்களுடையதல்ல, வெட்டிவிட்டு அந்த நேரத்தை வெறுமையாகவே விடுங்கள்.