பெரிய போன் அப்டேட் வந்திருக்கிறதா? அடுத்தவர் புலம்பலைப் படிப்பது முதல் போட்டபின் சரிசெய்வது வரை

செப்டம்பர் பிறந்தால் நம் பக்கம் இரண்டு வேலை ஒன்றாக வந்து நிற்கும். ஒன்று குறுவை அறுப்பு, இன்னொன்று போன் அப்டேட். ஐபோனுக்குப் புது ஐஓஎஸ் வருடா வருடம் செப்டம்பரில் வருகிறது. ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கம்பெனியையும் மாடலையும் பொறுத்து தை மாசி வரைக்கும்கூட வந்துகொண்டே இருக்கும். அதாவது மழை, கரண்ட் கட், நெல்லோடு கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடப்பது, தீபாவளிச் செலவு எல்லாம் சேர்ந்து வருகிற அதே மாதங்களில்தான் போனும் "புதிய பதிப்பு தயார், இப்போதே போடவா?" என்று கேட்கும். குடும்ப குரூப்பில் ஒருவர் "யாரும் போடாதீங்க, என் போன் போச்சு" என்பார். அரை மணி நேரத்தில் இன்னொருவர் "சூப்பரா இருக்கே" என்பார்.

உங்களுக்குப் போன் என்றால் பேசுவது, வாட்ஸ்அப், ஜிபே, யூடியூப், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் நேராக ஏழாம் படிக்குப் போய்விடலாம்.

படி 1: வந்திருப்பது என்ன அப்டேட்?

செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் என்று இருக்கும். சில போன்களில் அபவுட் போன் என்பதற்குள் ஒளிந்திருக்கும். அங்கே அளவைப் பாருங்கள். சில நூறு எம்பி என்றால் பெரும்பாலும் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட். யோசிக்காமல் போட்டுவிடுங்கள், அதைத் தள்ளிப்போடுவதில் லாபம் எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டு 15 போய் 16 வருகிறது, ஐஓஎஸ் 18 போய் 26 வருகிறது, அளவு பல ஜிபி என்றால் அது பெரிய அப்டேட். (18க்கு அடுத்து 26 எப்படி என்று குழம்ப வேண்டாம், ஆப்பிள் 2025இல் பதிப்பு எண்ணை வருடக் கணக்குக்கு மாற்றிக்கொண்டது.) இந்த விளக்கம் முழுக்க அந்தப் பெரிய அப்டேட்டுக்குத்தான்.

பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடலுக்கு வந்துவிட்டது, உங்களுக்கு வரவில்லை என்றால் போனில் கோளாறு இல்லை. கம்பெனிகள் எல்லாருக்கும் ஒரே நாளில் விடுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுகின்றன.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: அப்டேட் என்பது செட்டிங்ஸிலோ ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோதான் வரும். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக (ஸ்டோருக்குப் போகாமல் நேராகப் போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு) வந்தால் அது திருட்டு. பிஎம் கிசான் பெயரில், வண்டி அபராதம் பெயரில், வங்கி பெயரில் எல்லாம் இப்படி ஏபிகே சுற்றுகிறது. தெரியாமல் தொட்டுப் பணம் போனால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

படி 2: புலம்பலைத் தரம் பிரிப்பது

இதுதான் முக்கியமான படி. அப்டேட் வந்த முதல் வாரத்தில் கேட்கிற சத்தத்தில் பெரும்பகுதி ஒரே மாதிரி: "பழையது எங்கே போச்சு?" கண்ணுக்கும் கைக்கும் பழகாத புலம்பல் அது. இன்னொரு வகை, வேலை கெட்டுப்போன புலம்பல்: போன் கால் எடுக்க முடியவில்லை, சிம் சிக்னல் காட்டவில்லை, வங்கி ஆப் திறக்கவில்லை, தானாக அணைகிறது. நீங்கள் தேட வேண்டியது இரண்டாம் வகையை மட்டும்தான்.

2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஐகான்களின் அழகு போய்விட்டதென்று ஒரே கூச்சல், திரையில் படம் பாய்ந்து பாய்ந்து வருவதைப் பார்த்துத் தலை சுற்றுகிறது என்றும் பலர் சொன்னார்கள். 2025 செப்டம்பர் 15 அன்று ஐஓஎஸ் 26 வந்தது. கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற லிக்விட் கிளாஸ் தோற்றம். எழுத்தே படிக்க முடியவில்லை என்று அன்றைக்கே தொடங்கிவிட்டது. இதில் நியாயமும் இருந்தது. வெயிலில் நின்று போன் பார்க்கிற நமக்கு அது தொந்தரவுதான். நவம்பரில் வந்த 26.1இல் அந்தக் கண்ணாடியை மங்கலாக்கிக்கொள்ள ஆப்பிளே ஒரு வசதி கொடுத்துவிட்டது. ஆக, புலம்பல் வீண் போகவில்லை. ஆனால் நவம்பர் வரை பொறுத்தவருக்குப் பாதித் தொல்லை இல்லாமலே போனது.

வேலை கெட்ட வகைக்கும் உதாரணம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சாம்சங் தன் போன்களுக்கான ஆண்ட்ராய்டு பதிப்பான ஒன் யூஐ 7ஐ விட ஆரம்பித்து, பிழை தென்பட்டதால் இடையில் நிறுத்தி, சரிசெய்த பிறகுதான் மறுபடி தொடர்ந்தது. முதல் நாளே போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் அந்த அனுபவம். அதேபோல, பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள் என்று ஜனங்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததை, அது பிரமை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒத்துக்கொண்டது, அடுத்த வருடம் பேட்டரி நிலையைக் காட்டும் பகுதி ஐஓஎஸ் 11.3இல் வந்தது. அதனால் புலம்பலை மொத்தமாக ஒதுக்கவும் கூடாது.

எப்படித் தேடுவது என்றால், உங்கள் மாடலின் முழுப் பெயர், அப்டேட்டின் எண், கூடவே "பேட்டரி" அல்லது "நெட்வொர்க்" என்று யூடியூப்பில் போடுங்கள். போன வாரம் வந்த வீடியோக்களை மட்டும் பாருங்கள். சிவப்பு அம்புக்குறியும் வாயைப் பிளந்த முகமும் முகப்பில் இருந்தால் தாண்டிப் போங்கள். வீடியோவை விடக் கீழே உள்ள கமெண்ட்டுகள்தான் சரக்கு. ஒரே மாடல்காரர்கள் பலர் ஒரே குறையைச் சொன்னால் அது நிஜம். ஒருவர் மட்டும் சொன்னால் அவருடைய போனில் ஏற்கெனவே ஏதோ இருந்திருக்கும். புது ரகம் வந்தால் ஒரு போகம் பக்கத்து வயலில் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தானே விதை வாங்குகிறோம்? இதுவும் அப்படித்தான்.

பீட்டா என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது சோதனைப் பதிப்பு. வங்கி ஆப்கள் சில அதில் திறக்காது.

படி 3: நாள் பார்ப்பது

பெரிய அப்டேட்டை இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள், அல்லது (26.1 மாதிரி) புள்ளி வைத்த அடுத்த பதிப்பு வரும் வரை பொறுங்கள். தள்ளிப்போடக் காரணம், திரும்பி வரும் வழி அநேகமாகக் கிடையாது. ஐபோனில் கொஞ்ச நாளில் பழைய பதிப்புக்கு ஆப்பிள் அனுமதியை நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டில் முடிகிற இடத்திலும் போனை மொத்தமாக அழித்துத்தான் போக வேண்டும்.

நெல் போடுகிற வாரம், கல்யாண வாரம், பணம் கட்டக் கடைசித் தேதி, ஓடிபி எதிர்பார்க்கும் நாள் எதுவும் வேண்டாம். பயணத்துக்கு முந்தின நாளும் வேண்டாம். புயல் அறிவிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த நேரத்தில் கையில் வேலை செய்கிற போன் வேண்டும்.

படி 4: போடுவதற்கு முன்

முதலில் இடம். "போதிய இடம் இல்லை" என்று வந்தால் குற்றவாளி பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ். பலமுறை ஃபார்வர்ட் ஆனவை என்று ஒரு பெட்டி, 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று ஒரு பெட்டி இருக்கும். திறந்தால் ரோஜாப்பூ, தீபம், முருகன், காலை வணக்கம், மறுபடி ரோஜாப்பூ. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். பேரன் பேத்தி வீடியோ நடுவில் மாட்டியிருக்கும், அதை மட்டும் பார்த்துச் செய்யுங்கள்.

அப்புறம் பேக்கப். வாட்ஸ்அப்பில் சாட்ஸ், சாட் பேக்கப், பேக்கப் என்று தொடுங்கள். ஆண்ட்ராய்டில் இது கூகுளின் 15 ஜிபி இலவச இடத்துக்குள் போகிறது. அதே இடத்தில்தான் ஜிமெயிலும் போட்டோக்களும் இருக்கின்றன, அதனால் நிறைந்திருந்தால் வீடியோ இல்லாமல் பேக்கப் எடுங்கள்.

அடுத்து, யாரும் சொல்லாத ஒன்று. அப்டேட் முடிந்து போன் திறக்கும்போது கைரேகை வேலை செய்யாது, பின் நம்பர் அல்லது பேட்டர்ன்தான் கேட்கும். விரலை வைத்தே காலம் தள்ளியவர்கள் அப்போதுதான் நெற்றியைத் தடவுவார்கள். இப்போதே ஒருமுறை போனை ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள், பின் நம்பர் நினைவில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் அப்டேட் கதையே வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 5: இறக்குவதும் போடுவதும்

வைஃபை இருந்தால் பேச்சே இல்லை. தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி பிளான் மட்டும் என்றால், இரவு பதினொன்றரைக்குத் தொடங்குங்கள். இன்றைய மிச்சத்தில் கொஞ்சம் இறங்கும், பன்னிரண்டுக்கு மேல் நாளைய கணக்கில் தொடரும். அளவு தீர்ந்தால் வேகம் படுத்துவிடும், ஆனால் இறங்கியது பெரும்பாலும் வீணாகாது, அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில போன்கள் மொபைல் டேட்டாவில் இறக்க விடாது. வீட்டில் இன்னொருவர் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளுங்கள்.

சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். கரண்ட் போய்விட்டால் போன் கெட்டுவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கெடாது, பேட்டரியில்தானே ஓடுகிறது. நடுவில் திரை கறுப்பாகி லோகோ மட்டும் நிற்கும்போது பதறிப்போய்ப் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காமல் இருந்தால் போதும்.

படி 6: முதல் இரண்டு நாள்

சூடாகும், சார்ஜ் மளமளவென்று இறங்கும். உள்ளே ஆப்களையும் போட்டோக்களையும் மறுபடி வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும், இது சில நாளில் அடங்கும் என்று ஆப்பிளே சொல்கிறது, ஆண்ட்ராய்டிலும் நிலைமை அதுதான். ப்ளே ஸ்டோருக்குப் போய் எல்லா ஆப்களையும் அப்டேட் செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் எந்த ஆப் அதிகம் குடிக்கிறது என்று பாருங்கள்.

படி 7: காணாமல் போனதைத் திரும்பப் பெறுவது

முதலில் போன் கால். 2025 ஆகஸ்டில் நாடு முழுக்கப் பலருடைய ஆண்ட்ராய்டு போனில் கால் திரை ராத்திரியோடு ராத்திரியாக மாறியது. யாரும் எதையும் அழுத்தவில்லை, கூகுளின் போன் ஆப் மட்டும் தனியாக மாறிக்கொண்டது. வலங்கைமான் பக்கம் எங்கள் பெரியப்பா வழக்கம்போலப் பச்சை வட்டத்தை மேலே தள்ளுகிறார், தள்ளுகிறார், மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. "சிங்கப்பூர்லேர்ந்து புள்ள கூப்புடுறான், எடுக்க மாட்டேங்குதுடா தம்பி." புதுத் திரையில் பட்டனைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். இதற்கு வழி: போன் ஆப்பைத் திறந்து செட்டிங்ஸில் இன்கமிங் கால் ஜெஸ்சர் என்பதைத் தொட்டு, சிங்கிள் டேப் வையுங்கள். இனி ஒரு தட்டு தட்டினால் போதும். "பெரியப்பா, தள்ளாதீங்க, சும்மா தொடுங்க" என்று சொல்லிக் கொடுத்து, பக்கத்தில் நின்றே அழைத்துப் பழக்கிவிட்டேன். பழைய திரையே வேண்டும் என்றால் போன் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ போய், மூன்று புள்ளியில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் கொடுங்கள். ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்புக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். ஆனால் இது தற்காலிகம்தான், ஒரு தட்டு முறையே நல்லது.

சாம்சங்கில் மேலிருந்து இழுத்தால் வைஃபை, டார்ச் பட்டன்கள் இல்லை, நோட்டிஃபிகேஷன் மட்டும் வருகிறது என்று ஒன் யூஐ 7இல் ஏராளமான குறை. போகவில்லை, வலது மூலையிலிருந்து இழுத்தால் வரும். இரண்டும் பழையபடி ஒன்றாக வேண்டுமானால், அப்படி இழுத்து, பென்சில் குறியைத் தொட்டு, பேனல் செட்டிங்ஸில் டுகெதர் என்று மாற்றுங்கள்.

ஐபோனில் எழுத்து தெளிவில்லை என்றால் டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸில் லிக்விட் கிளாஸ், அதில் டின்டெட். அதுவும் போதாதென்றால் ஆக்சஸிபிலிட்டியில் டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சியை ஆன் செய்யுங்கள். எழுத்து அளவை ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழ் கீபோர்டு காணவில்லை என்றால் கீபோர்டு செட்டிங்ஸில் மொழிகளில் தமிழ் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், முக்கால்வாசி அங்கேயே தீரும்.

படி 8: நிஜமாகவே கெட்டிருந்தால்

சிக்னல் இல்லை, தானாக அணைகிறது, திரையில் பச்சைக் கோடு விழுந்துவிட்டது என்றால் தெருமுனைக் கடைக்கு முன் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பச்சைக் கோட்டுக்குச் சில கம்பெனிகள் வாரண்டி முடிந்த மாடல்களுக்கும் இலவசமாகத் திரை மாற்றித் தந்திருக்கின்றன, வெளியில் ஒருமுறை பிரித்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். நம் ஊரில் எல்லாக் கம்பெனிக்கும் சென்டர் இருக்காது. தஞ்சாவூரா, திருச்சியா என்று முதலில் போன் செய்து கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். பில் இருந்தால் எடுத்துப் போங்கள், சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே "ரீசெட் பண்ணிடலாமா?" என்று கேட்பார்கள், அதாவது போனில் உள்ளதை எல்லாம் அழிப்பது. பேக்கப் எந்தத் தேதியில் எடுத்தது என்று அவர்கள் கண் முன்னாலேயே திறந்து பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.