பணியாரத்துக்குத் தட்டைக் கோடு, பப்பாளிக்கு மலை: குளுக்கோஸ் சென்சாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ப்ரீ டயாபடீஸ்', அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று டாக்டர் சொன்னதும் கையில் குளுக்கோஸ் சென்சார் ஒட்டிக்கொள்கிறவர்கள் காரைக்குடிப் பக்கம் பெருகிவிட்டார்கள். நாள் முழுக்கச் சர்க்கரையை அளந்து, போனில் கோடாக வரைந்து காட்டும் சிறு கருவி அது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் கட்டுகிறார்கள், பெற்றோர் ஒட்டிக்கொள்கிறார்கள். பிறகு போனை என் முன்னால் நீட்டி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்கிறார்கள். உணவு ஆலோசனை என் தொழில். குளிக்கும்போது உரிந்துவிட்டது, போனை மறந்துவிட்டேன் என்பதெல்லாம் தானாகப் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோடு ஏறாத பண்டமெல்லாம் நல்லது என்று நம்புவது

எத்தனை பேரிடம் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

ஓர் ஆச்சி சென்சாரோடு கோட்டையூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். காலைப் பலகாரத்தில் வெள்ளைப் பணியாரம், மசாலைச் சீயம், கந்தரப்பம் என்று எண்ணெயில் பொரித்தவை எல்லாம் உண்டு. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 132 (மி.கி./டெ.லி.). மறுநாள் வெறும் வயிற்றில் ஒரு கிண்ணம் பப்பாளி சாப்பிட்டார். முக்கால் மணி நேரத்தில் 151.

"பார்த்தீர்களா தம்பி, பணியாரம் ஒன்றும் செய்யவில்லை. இந்தப் பப்பாளிதான் எமன்!"

அன்றோடு வீட்டில் பழம் நின்றது, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறியது. சில மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எடை கூடியிருந்தது, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் கெட்ட கொழுப்பும் ஏறியிருந்தன, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சியும் இறங்கவில்லை.

கல்யாண நாளின் வரைபடத்தை அவர் போனிலேயே விரலால் நகர்த்திக் காட்டினேன். 132 உச்சமே இல்லை. மூன்றாவது மணி நேரத்தில் 146 வரை போயிருந்தது. மதியப் பந்தியில் உட்காரும் வரை 120க்குக் கீழே இறங்கவில்லை. பப்பாளிக் கோடோ ஒன்றரை மணி நேரத்தில் நூறைத் தொட்டுவிட்டது. கொழுப்பு சேர்ந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். அதனால் மாவுச்சத்தும் தாமதமாக, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கும். கோடு செங்குத்தாக ஏறாமல் நீண்டு படுத்திருக்கும். இரண்டு மணி நேரத்தோடு பார்வையை எடுத்துவிட்டால் ஏமாந்தோம்.

இன்னொன்றும் உண்டு. சென்சாருக்குத் தெரிந்தது குளுக்கோஸ் மட்டும். கல்லீரலில் படியும் கொழுப்பும், கெட்ட கொழுப்பும், இரத்த அழுத்தமும் அதன் கண்ணுக்குப் படாது. ஆனால் ப்ரீ டயாபடீஸுக்கு வேரே பெரும்பாலும் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காததுதான். வயிற்றிலும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பு அதை மோசமாக்கும். 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்குகளோடு வாழ்ந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 2006இல் வெளியான இந்திய ஆய்வு சென்னையிலிருந்து நடத்தப்பட்டது. அதில் வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களில் ஒருவர் கையிலும் சென்சார் இல்லை!

அப்படியானால் சென்சார் வீணா? இல்லை. நம் சாப்பாட்டை நாமே சோதித்துப் பார்க்க அது கெட்டிக்காரக் கருவி. ஒரே இடியாப்பத்தை ஒரு நாள் தேங்காய்ப்பாலும் சர்க்கரையுமாகச் சாப்பிடுங்கள். இன்னொரு நாள் காய்கறியும் முட்டையும் முதலில் தின்றுவிட்டுச் சாப்பிடுங்கள். மற்றொரு நாள் சாப்பிட்டவுடன் கால் மணி நேரம் நடங்கள். கோடுகளை ஒப்பிடுங்கள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு எந்தப் பண்டத்துக்கும் தண்டனை கொடுக்காதீர்கள். அதே உணவு, அதே ஆள், நாள் மாறினால் எண்ணும் மாறும். முந்தைய இரவின் தூக்கம்கூட அதை மாற்றும்.

நடுராத்திரியில் சர்க்கரைத் தண்ணீர்

சென்சார் ஒட்டிய கை கீழே அமுங்கும்படி படுத்தால், அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து 60, 55 என்று பொய்யான தாழ்வு காட்டும். போன் அலறுகிறது, வீட்டு வளவில் விளக்கெல்லாம் எரிகிறது, அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) சர்க்கரைத் தண்ணீர் டம்ளரோடு ஓடிவருகிறார். சர்க்கரையைக் குறைக்கும் மருந்தே எடுக்காத ஒருவருக்கு உண்மையான தாழ்வு அபூர்வம். நடுக்கம், வியர்வை இருந்தால் காத்திருக்காமல் அதைக் குடித்துவிடுங்கள். இல்லையென்றால் புரண்டு படுத்து, விரலில் குத்திப் பாருங்கள். சென்சார் அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தை. அதனால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் அது சில நிமிடம் பின்தங்கும்.

விருந்தன்று காலையில் ஒட்டுவது

முதல் நாள் எண்களில் தடுமாற்றம் அதிகம். முந்தைய நாளே ஒட்டுங்கள்.

பதினான்கு நாள் மட்டும் சாமியார்

சென்சார் ஒட்டியிருக்கும் நாட்களில் மட்டும் பத்தியம் இருந்து என்ன பயன்? வழக்கமாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பார்க்கத்தானே சில ஆயிரம் ரூபாய் கொடுத்தீர்கள்?

கவுனி அரிசி கறுப்புதானே

சர்க்கரை, நெய், தேங்காய்ப்பூ போட்டுக் கிண்டியது இனிப்பு. நிறத்துக்குச் சலுகை கிடையாது.

எண் நூற்றிச் சொச்சம்தான் இருக்கிறது, எனக்கு ஒன்றுமில்லை

நோய் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது ஆய்வகப் பரிசோதனை. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் ப்ரீ டயாபடீஸ் என்ற இந்த இடைநிலை, 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் வேறு பேச்சு. மாறாக, நல்ல உடம்புக்காரருக்கும் சாப்பிட்ட பின் எப்போதாவது 140ஐத் தாண்டும். அதற்கும் அலற வேண்டாம்.

வைட்டமின் சி மாத்திரை

அதிக அளவில் விழுங்கினால் சில சென்சார்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள்.