'சார்லி எக்ஸ்' எபிசோடுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி

1966 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் எபிசோட் இது. மூன்று வயதில் விண்கல விபத்தில் தனியாகத் தப்பி, தேசஸ் கோளில் உடலற்ற உயிர்களிடம் வளர்ந்த சார்லிக்கு இப்போது வயது 17. அவனை மீட்ட அன்டாரெஸ் கலம், கிர்க் தலைமையிலான எண்டர்பிரைஸ் விண்கலத்தில் ஒப்படைக்கிறது. நினைத்ததை நடத்திவிடுவான், மனிதரோடு பழகத் தெரியாது. கதைச்சுருக்கம் இவ்வளவு போதும். 600 சொல் விமர்சனத்தில் இது 80 சொல்லைத் தாண்டினால் படிப்பவர் பாதியில் போய்விடுவார்.

இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பேனாவைத் தொட வேண்டாம். மறுமுறை, சார்லி சக்தியைக் காட்டும் இடங்களில் நிறுத்தி, நிமிடத்தையும் அதற்கு முன் நடந்ததையும் குறியுங்கள். கலத்தின் அதிகாரி ஸ்பாக்கிடம் சதுரங்கத்தில் தோற்கிறான், காய்கள் உருகுகின்றன. பயிற்சிக் கூடத்தில் விழுந்தவனைப் பார்த்து ஒருவர் சிரிக்கிறார், அவரையே காணோம். பெரும்பாலும் அவமானம் முந்தும், சக்தி பிந்தும். வாதத்துக்கு அச்சாணி இந்தக் குறிப்புகள்தான்.

அதிக இடம் கொடுக்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. நடைவழியில் ஓர் ஆண் ஊழியர் இன்னொருவரின் பின்புறத்தில் தட்டிவிட்டுப் போவதைச் சார்லி பார்க்கிறான். அதையே பெண் ஊழியர் ஜானிஸ் ராண்டிடம் செய்கிறான். ஏன் தவறு என்று விளக்கவேண்டிய கேப்டன் கிர்க் திக்கித் திணறுகிறார். வசனத்தை எழுதியவர் டி. சி. ஃபான்டானா என்ற பெண். பெரியவர்களுக்கே சொல்லத் தெரியாததைப் பையன் எப்படிக் கற்பான் என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

நடிப்புக்கு, சார்லியாக வரும் ராபர்ட் வாக்கர் ஜூனியரின் கண்களைக் கவனியுங்கள். அப்போது அவருக்கு 26 வயது. ஆனாலும் ராண்டைப் பார்க்கும் பார்வையில் விடலைத் தவிப்பு அப்படியே இருக்கிறது. மின்தூக்கியில் ஏறும்போது ஒரு சட்டை, இறங்கும்போது வேறு சட்டை என்று கிர்க்கின் உடையில் உள்ள பிழையைப் பிடிப்பது எளிது. அதற்கு ஒரு வரிக்கு மேல் தராதீர்கள்.

பலர் சறுக்குவது, தேசஸ் உயிர்கள் வந்து சார்லியைத் திரும்பக் கொண்டுபோகும் முடிவில். 'பாவம் பையன்' என்று மட்டும் எழுதினால் அன்டாரெஸ் கலத்தில் அவனால் மாண்டவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். அவன் மறையவைத்த ராண்ட் திரும்புகிறாள், அவர்கள் திரும்புவதில்லை. 'சரியான தண்டனை' என்று எழுதினால், அவனை வைத்துக்கொள்ள கிர்க் வாதாடுவதற்குப் பொருளில்லை. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். அதற்கு முன் கடைசிக் காட்சியை ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள்: இங்கேயே இருக்கிறேன் என்று கெஞ்சும் அந்தக் குரல் தேய்ந்துகொண்டே போகும்.