சந்தையில் வாங்கிய நாட்டுத் தக்காளியிலிருந்து மாடியில் செடி வளர்ப்பது எப்படி?

நன்கு பழுத்த நாட்டுத் தக்காளியை ரசத்துக்குக் கையால் பிசையும்போது சமையலறை முழுக்க ஒரு வாசனை எழும். கெட்டித் தோலுள்ள ஆப்பிள் தக்காளியில் அது வருவதில்லை. லாரியில் நசுங்காமல் போய்ச் சேர வேண்டும் என்று உருவாக்கிய ரகங்கள் அவை. பெரும்பாலும் நன்றாகச் சிவக்கும் முன்பே பறித்துவிடுகிறார்கள். மாடியில் இரண்டு பை வைக்க இடமும், தினம் ஆறு மணி நேர வெயிலும் இருந்தால் அந்த வாசனையை நாமே வளர்க்கலாம். விதைப் பாக்கெட்கூட வாங்க வேண்டாம்.

1. பழம் தேர்வு

தட்டையாக, மடிப்பு விழுந்து, தொட்டால் சற்றே அமுங்குகிற பழமாக எடுங்கள். காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பச்சை படிந்திருந்தால் ஒதுக்காதீர்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரகக் காயில் இந்தப் பச்சை நன்றாகவே தெரியும். தேனிப் பக்கத்து அன்னஞ்சித் தக்காளியிலிருந்து வந்த ரகம் அது. அந்த இடத்தில் பச்சையம் அதிகம் என்பதால் காயும் இலையைப் போல வெயிலில் சர்க்கரை சேர்க்கிறது. ஒரே சீராகச் சிவக்கும் ரகங்களையே தேடித் தேடி வளர்த்ததில் இனிப்பும் குறைந்துபோனது என்பதை 2012இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது.

ஹைப்ரிட் பழத்தின் விதையும் முளைக்கும். ஆனால் செடிக்குச் செடி காய் மாறும். நாட்டு ரகம் பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்வதால் தாயைப் போலவே காய்க்கும்.

2. விதை எடுத்தல்

பழத்தை வெட்டி விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் மேலே ஆடை படிந்து புளித்த வாடை வரும். வரட்டும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். புளித்தால்தான் அது கரையும். அப்புறம் வடிகட்டியில் அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

3. நாற்று

கார்த்திகை தொடக்கத்தில் விதைத்தால் மாசியில் பழம் பறிக்கலாம். கோடை உச்சத்தில் பூ உதிர்ந்துவிடும் என்பதால் அப்போது வேண்டாம். அடியில் துளையிட்ட கொட்டாங்குச்சியில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, அரை விரல்கடை ஆழத்தில் விதையுங்கள். அடைமழை படாத இடத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கும்.

4. நடுதல்

25 நாளில் நாற்று ஒரு சாண் வளர்ந்திருக்கும். செம்மண், மக்கிய சாணம், நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து பையை நிரப்புங்கள். பைக்கு ஒரு செடி போதும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைப் பாதிவரை புதைத்து நடுங்கள். புதைந்த தண்டிலும் வேர் விடும். கூடவே ஒரு குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

5. தண்ணீர்

சுவை தங்குவது இங்கேதான். முதல் வருடம் நான் இரண்டு நாள் மறந்து, மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினேன். அத்தனை பழமும் வெடித்துப்போனது. தினமும் காலையில் அளவாக ஊற்றுங்கள். காய் நிறம் மாறத் தொடங்கியதும் அளவைச் சற்றுக் குறைத்தால் சாறு நீர்த்துப் போகாது. பூத்திருக்கும்போது காலை வேளையில் கிளையை லேசாகத் தட்டினால் காய் நன்றாகப் பிடிக்கும்.

இலை சுருண்டு செடி குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ பரப்பிய நோய் அது. யோசிக்காமல் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும்.

6. பறித்தல்

முழுக்கச் சிவந்து, தொட்டதும் கையோடு வரும்வரை காத்திருங்கள். பறித்ததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் வாசனை போய்விடும்.

முதல் பழத்தை நான்காக வெட்டி உப்புத் தொட்டுச் சாப்பிடுங்கள். அடுத்த நான்கு பழங்கள் ரசத்துக்கு. மிக்ஸி வேண்டாம், கையால் பிசையுங்கள். இந்தப் புளிப்புக்குப் புளி பாதி போதும். நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள், கொதிக்க விடாதீர்கள்.